மவுஸ்மேல் அப்பாவின் கை

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எல்லோராலும் போய்விட முடியாது. போக முடியாதவர்கள் மும்பை தாராவியில் ஊர்ச் சங்கத்து அறையில் கூடி, பெரிய டிவியில் நேரலை பார்ப்பார்கள். டிவியோடு இணைத்த கம்ப்யூட்டருக்கு அப்பா பொறுப்பு. அவருக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி என்று சங்கமே நம்பியது. நம்பவைத்தது நானும் அவரும்.

செம்பூரில் என் ஆபீசில் உட்கார்ந்தபடி, டேப்லெட்டில் அந்தக் கம்ப்யூட்டரைத் திறப்பேன். இங்கே நான் விரலை நகர்த்தினால் அங்கே டிவியில் அம்பு நகரும். அப்பா மவுஸ்மேல் கையை வைத்துக்கொண்டு, தானே நகர்த்துவதுபோல் உட்கார்ந்திருப்பார். சட்டைப் பையில் போன் அழைப்பிலேயே இருக்கும். அங்கே பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவரை யாரும் எதற்கும் தேடவில்லை. இந்தக் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் தெருவில் நாலு பேர் நின்று பேசினார்கள். அதற்காகத்தான் இந்த நாடகத்துக்குச் சம்மதித்தேன். சம்மதித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்தேன்.

இந்த வருஷம் மதியக் கொடை என் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. நேரலை தொடங்கியதும் அப்பா எனக்குக் கேட்கும்படி, "தாராவி சங்கம்னு ஒரு வணக்கம் போட்டுருவமா?" என்றார். கருத்துப் பெட்டியைத் திறந்து போட்டேன்.

"அண்ணாச்சிக்கு என்ன வேகம் பாத்தீயளா!" என்று யாரோ மெச்சினார்கள். அப்பா அடக்கமாகச் சிரித்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

டேப்லெட்டில் ஒரு பாதி சங்கத்துத் திரை, மறுபாதி அக்காவுடன் அரட்டை. கடகடவென்று தட்டினேன்: "அப்பாவுக்கு ஒரு எழவும் தெரியாது. மவுஸ்ல கைய வச்சிக்கிட்டு பொம்மை மாதிரி உக்காந்திருக்காரு. நான் பட்டினி."

அனுப்பிய பிறகு பார்த்தால் அக்காவின் பக்கத்தில் ஒன்றும் இல்லை. ஐயோ! வணக்கத்துக்கு அடியில், சங்கத்தின் பெயரிலேயே நிற்கிறது. தாராவி மட்டுமா, ஊரில் போனும் கையுமாக இருந்தவர்களும் படித்திருப்பார்கள்.

அழிக்க வழி தேடினேன். டிவியில் அம்பு தறிகெட்டு ஓடியது. அப்பாவின் கை அசையவில்லை என்பதையும் அறையே பார்த்திருக்கும்.

"என்ன அண்ணாச்சி, கம்ப்யூட்டரு உம்மையே ஏசுது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"எம் மவ எழுதுதா," என்றார் அப்பா. "செம்பூர்ல இருந்து அவதான் எல்லாம் செய்யுதா. நா சும்மா கைய வச்சிருந்தேன்." போனைப் பையிலிருந்து எடுத்திருப்பார் போல, குரல் கிட்டத்தில் கேட்டது. "ஏட்டி, இன்னும் சாப்பிடலியா நீ? மொதல்ல சாப்பிடு. அந்தப் பெட்டிய மட்டும் மூடிரு, அம்மன் மொகத்த மறைக்கு."

மூடினேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அடுத்த முறை தாராவியில் அப்பா வீட்டுக்குப் போனபோது அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கோழை மாதிரி டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பிறகு ஒருநாள் ஆபீசுக்குப் புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"சங்கத்துக் கம்ப்யூட்டர இப்ப நாந்தாம்மா பாத்துக்கிடுதேன். ஒண்ணும் ஓட மாட்டேங்கு. அங்கன இருந்தே செஞ்சிருவீயளாமே? ஒங்க அப்பாதான் நம்பர் தந்தாவ."