நீலச்சட்டை போட்ட ரோபோ

ரஞ்சிதா தன் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த ரோபோ, கோழி எருவில் குப்புற விழுந்து கிடந்தது.

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது மயில்சாமியின் முட்டைக் கோழிப் பண்ணை. மொத்தம் ஆறு கொட்டகை. மூன்றாம் கொட்டகையும் அதிலிருந்த எட்டாயிரம் கோழிகளும் ரஞ்சிதாவின் பொறுப்பு. அவளுக்கு வயது முப்பத்திரண்டு, படிப்பு பத்தாவது. கணவர் காளிதாஸ் ரிக் லாரிக்காரர். போர்வெல் போடக் கிளம்பினால் சத்தீஸ்கர், ஒடிசா என்று சுற்றிவிட்டு ஊர் திரும்ப மூன்று நான்கு மாதமாகும். தீவனம் போடுவது, தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது, முட்டை பொறுக்குவது எல்லாம் ரஞ்சிதாவுக்குப் பிடித்த வேலைகள்தாம். பிடிக்காதது ஒன்றே ஒன்று: தினம் காலையில் கூண்டு கூண்டாகக் குனிந்து பார்த்து, செத்துக் கிடக்கும் கோழியை இழுத்து வெளியே போடுவது.

அந்த வேலைக்குத்தான் ரோபோ வந்திருந்தது. கொண்டு வந்தவர்கள் தமிழரசும் கிருத்திகாவும். ஒரே கல்லூரியில் இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் சில வருடம் வேலை பார்த்து, அலுத்துப்போய்ச் சொந்த ஊருக்கு வந்தவர்கள். திருச்செங்கோட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் ஐந்து பேர் கொண்ட நிறுவனம் நடத்தினார்கள். அவர்களுடைய ரோபோவுக்கு நான்கு சக்கரம், நடுவில் ஓர் ஆள் உயரக் கம்பம், கம்பத்தில் மேலும் கீழுமாகக் கேமராக்கள். பளீரென்ற ஆரஞ்சு வர்ணம். கூண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடி, செத்த கோழி எந்தக் கூண்டில் என்று போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும்.

அன்று அது பத்தடி ஓடியிருக்கும். எட்டாயிரம் கோழிகளும் ஒரே நேரத்தில் அலறிப் பறந்து கூண்டுக் கம்பியில் மோதின. அந்தச் சத்தத்தில் ரிமோட்டை வைத்திருந்த தமிழரசே பயந்துபோய் எதையோ அழுத்த, ரோபோ நடைபாதையை விட்டு இறங்கி எருக் குழியில் சாய்ந்தது.

"நிறுத்துங்க சாமி, நிறுத்துங்க! நாளைக்கு முட்டை பாதியாப் போயிரும்!" என்று ஓடி வந்தாள் ரஞ்சிதா.

கிருத்திகாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "மோட்டார் சத்தமே வராதபடிக்கு மூணு மாசம் வேல பாத்தோமுங்க்கா. அப்பறமும் எதுக்கு இப்பிடிப் பயப்படுது?"

"சத்தத்துக்கு இல்லீங்க, நெறத்துக்கு. எங்க எல்லாருக்கும் எதுக்கு ஒரே மாதிரி நீலச்சட்டை குடுத்திருக்கறாங்கன்னு நெனச்சீங்க? போன தீவாளிக்கு நான் மஞ்சச் சீலையோட உள்ள வந்துபோட்டேன். ரெண்டு நாளு கோழி ஒழுங்கா முட்டை வைக்கல. மயில்சாமி அண்ணங்கிட்ட வாங்குன திட்டு இன்னும் மறக்கல."

பண்ணைக்காரர் மயில்சாமி அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ரஞ்சிதா தன் மாற்றுச் சட்டையை எடுத்து வந்தாள். ரோபோவைத் துடைத்து நிமிர்த்தி, கேமராவை மறைக்காமல் கம்பத்துக்குச் சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டாள். கோழிகள் அடங்குவதற்காக அரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு வண்டி மெதுவாக நகர்ந்தது. முன்வரிசைக் கோழிகள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. கொக்கொக் என்று ஏதோ பேசிக்கொண்டன. மறுபடி தீவனத்துக்குக் குனிந்துவிட்டன. ரோபோ கடைசிவரை போய்த் திரும்பி வந்தது.

தமிழரசு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இத ஒரு வார்த்த யாராச்சும் முன்னாலயே சொல்லியிருந்தா..."

"நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றாள் ரஞ்சிதா.

அடுத்த வாரம் தமிழரசும் கிருத்திகாவும் ரஞ்சிதா வீட்டுக்கே வந்து, தங்களோடு வேலைக்குச் சேரும்படி கேட்டார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒடிசாவிலிருந்த கணவருக்குப் போன் செய்தாள்.

"கம்பெனியில எனக்கு என்ன வேலையாம் தெரியுங்களா? அவங்க செய்யறதுல என்ன தப்புன்னு சொல்றதாம்."

காளிதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "அம்மிணி, அத நீ இத்தன வருசமா எனக்குச் சும்மாவே செஞ்சுட்டு இருக்கறியே! போ, போ, சேந்துக்கோ."

மயில்சாமியும் மறுக்கவில்லை. சுலபமாக விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று ரஞ்சிதாவுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.

லேத் பட்டறை மாடியில் மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு கூட்டம் நடக்கும். சங்கம் என்று பதிவு எதுவும் கிடையாது. தாமாகவே ஏதாவது செய்து பார்க்கிறவர்கள் செய்ததைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ரிக் லாரிக்கு எலெக்ட்ரீஷியன் வேலை பார்ப்பவர் ஒருவர், குழாய் எத்தனை அடி இறங்கியது என்று காட்டும் கருவி வைத்திருந்தார். ஓமலூரிலிருந்து ஒருவர் சொட்டுநீர்க் குழாய்க்குத் தானாக மூடும் வால்வு கொண்டு வருவார். இனியா என்ற பாலிடெக்னிக் மாணவி, ஜவ்வரிசி காயும் களத்தில் காக்கை விரட்டக் கை ஆட்டும் பொம்மை ஒன்று செய்திருந்தாள். தேநீர், முறுக்கு, உரத்த வாக்குவாதம், நடுநடுவே கீழேயிருந்து லேத் ஓடும் இரைச்சல்.

முதல் கூட்டத்தில் ரஞ்சிதா வாயே திறக்கவில்லை. இரண்டாவதில், "பொம்ம ஒரே தாளத்துல கைய ஆட்டுதே சாமி, காக்கா ரெண்டே நாள்ல அது தோள்மேல உக்காந்துக்குமே" என்றாள். இனியா ஒரு கணம் முறைத்துவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டாள். அதன்பின் யார் எதைக் கொண்டு வந்தாலும் கடைசியில், "அக்கா என்ன சொல்றாங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

சோதனை மே மாதம் வந்தது. பதினைந்து பண்ணைக்காரர்களை மயில்சாமி பண்ணைக்கு அழைத்திருந்தார்கள். எல்லாருக்கும் தோதான நேரம் என்று பகல் இரண்டு மணியைக் குறித்துவிட்டார்கள். தகரக் கூரை வெந்துகொண்டிருந்தது. செத்த கோழியின் உடம்பு குளிர்ந்துவிடும். சூட்டை அளக்கும் கேமரா அதைக் கண்டுபிடித்துவிடும் என்பது ரோபோவின் கணக்கு. ஆனால் அந்த வெயிலில் கம்பியும் சுவரும் கோழியும் ஒரே சூடு. ரோபோ அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போய் வந்து, செத்தது ஒன்றுமில்லை என்று செய்தி அனுப்பியது. அதற்குள் ஒரு பண்ணைக்காரர் இரண்டு செத்த கோழிகளைக் காட்டிவிட்டார்.

"இதுக்கு என்ற கண்ணே பரவாயில்லையே" என்றார் அவர். வந்தவர்கள் சிரித்தார்கள். நான்கு பேர் செருப்பை மாட்டிக் கிளம்பிவிட்டார்கள்.

கிருத்திகாவுக்குக் கண் கலங்கியது. ரஞ்சிதா அவளைச் சமாதானப்படுத்தாமல் கூண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருடம் தான் எப்படிக் கண்டுபிடித்தோம் என்று யோசித்துப் பார்த்ததேயில்லை. இப்போது தன் கண் எங்கே போகிறது என்று தானே கவனித்தாள்.

"கிருத்தி, இங்க வா. இந்த வெயிலுக்கு எல்லாக் கோழியும் வாயத் தொறந்துட்டு மூச்சு வாங்குது பாரு. கழுத்து துடிக்குதா? துடிக்காதது எதுவோ, அதுதான் செத்தது. சீக்குக் கோழியும் இப்பிடித் துடிக்காது. சூட்ட உட்டுப்போட்டு, ஆட்டத்தப் பாக்க முடியுமா உன்ற கேமராவுல?"

கிருத்திகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்துத் தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அதைச் சரியாக்க ஏழு வாரமாயிற்று. ரஞ்சிதா தினமும் காலையிலும் மத்தியானத்திலும் கொட்டகையில் வீடியோ எடுத்து, கோழி கோழியாகப் பார்த்து, இது உயிரோடு, இது செத்தது, இது இரண்டுமில்லாமல் தூங்குகிறது என்று குறித்துக் கொடுத்தாள். ஆடியில் மறுபடி ஓட்டினார்கள். இம்முறை ரோபோ மூன்று செத்த கோழிகளைக் காட்டியது. நான்காவதாக ஒன்றையும் காட்டியது. அது உயிரோடுதான் நின்றது. "இது தப்பு" என்று வந்தவர்கள் சொன்னார்கள். ரஞ்சிதா அதை வெளியே எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்து, சீக்கு என்றாள். மறுநாள் அது செத்தது. அந்த மாதமே நான்கு பண்ணைகள் ரோபோ கேட்டன.

எல்லாமே இனிப்பாக முடியவில்லை. ரோபோ வாங்கிய ஒரு பண்ணையில் ஓர் ஆளைக் குறைத்துவிட்டார்கள். குறைக்கப்பட்ட வசந்தாமணி, ரஞ்சிதாவோடு ஆறு வருடம் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தவள். பிறகுதான் அந்தப் பண்ணைக்கு மாறியிருந்தாள். செய்தி கேட்டதும் ரஞ்சிதா அவள் வீட்டுக்குப் போனாள்.

"குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சுன்னு நீதான அழுவ, அதனால..." என்று ஆரம்பித்தாள்.

"இடுப்பு நோவு என்னுது. அத நான் பாத்துக்குவேன். உன்னய யாரு கேட்டா?" என்றாள் வசந்தாமணி. தண்ணீர் குடிக்கிறாயா என்றுகூடக் கேட்கவில்லை. பிறகு பள்ளிபாளையத்தில் ஒரு தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். எதிரே பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதன்பின் ரோபோ கேட்டு வருகிற பண்ணைக்காரர்களிடம், எத்தனை ஆளை வைத்திருக்கிறீர்கள், வண்டி வந்த பிறகு அவர்களுக்கு என்ன வேலை என்று ரஞ்சிதா முதலிலேயே கேட்டுவிடுகிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். தமிழரசுக்கும் அந்தக் கேள்வியில் சங்கடம்தான். ஆனால் கேட்காதே என்று அவர் சொன்னதில்லை.

இப்போது ரோபோவோடு ஒரு சிறு புத்தகமும் போகிறது. தமிழரசு எழுதிய முதல் பக்கத்தில், 'உயிரற்ற பறவைகளைக் கண்டறியும் முறை' என்றிருந்தது. ரஞ்சிதா பேனாவால் அடித்துவிட்டு, 'செத்த கோழி எங்கே என்று வண்டி சொல்லும். நீங்களும் ஒரு தடவை பாருங்கள்' என்று எழுதினாள்.

"கொஞ்சம் கவுரவமா இருக்கட்டுமேங்க்கா" என்றார்கள் அலுவலகத்தில்.

"கவுரவமா எழுதுனா யாரு படிப்பா?" என்றாள்.

பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் போன வாரம் புதிய ரோபோவை இறக்கினார்கள். வேலை பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். ரஞ்சிதா புத்தகத்தை வாசித்து முடித்ததும், பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்: "ஏனுங்க்கா, மழக்காலத்துல ஈரத்துல சக்கரம் வழுக்காதுங்களா?"

ரஞ்சிதாவுக்குப் பதில் தெரியவில்லை. கிருத்திகாவைப் பார்த்தாள், அவளுக்கும் தெரியவில்லை.

"உன்ற பேரென்ன அம்மிணி?" என்று கேட்டுவிட்டு ரஞ்சிதா பேனாவைத் திறந்தாள். "சனிக்கிழம எங்க கூட்டத்துக்கு வர லீவு போட முடியுமா?"