பசியாறிவிட்டுக் கோயிலுக்குப் போன எங்கள் அக்கா

அக்காவின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். வீதி மறிக்கப்பட்டதாலும் கடல் கடந்து இருப்பதாலும் வர முடியாமல் போனவர்களுக்கு இது தபாலில் வரும். நான் அக்காவின் ஒரே தங்கை. படிப்பித்த வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, திருகோணமலை ஓர்ஸ் ஹில் வீட்டில் அவரோடு ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிட்டவள்.

அச்சகத்தில் எனக்கு ஒரு மாதிரி காட்டினார்கள். சாந்தமே உருவானவர், பொறுமையின் இருப்பிடம், யாருடைய மனதையும் நோகடிக்காதவர் என்று அதில் இருந்தது. பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றார்கள். அக்காவைத் தெரிந்த எவரும் அதை வாசித்தால் சிரித்துவிடுவார்கள். அவர் சாந்தமானவர் இல்லை. பலருடைய மனதை நோகடித்திருக்கிறார், அவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா கிளிவெட்டியில் வயல் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு அடுத்தவர் எங்கள் அண்ணன், கடைசி நான். அம்மா காய்ச்சலில் கண்மூடியபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் சோறு போட்டவர் அவர்தான். சண்டை பிடித்துக்கொண்டு ஊட்டுவார். சாப்பிடாமல் எழும்பினால் கையைப் பிடித்து மறுபடி இருத்துவார்.

கலியாணம் முடித்துத் திருகோணமலை நகரத்துக்கு வந்தார். அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. அக்காவுக்கு ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை கிடைத்தது. உதவியாளாகச் சேர்ந்தவர், ஓய்வு பெறும்போது குசினிக்கே பொறுப்பாக இருந்தார். எந்த வார்ட்டில் எந்தக் கட்டிலுக்கு உப்பில்லாச் சோறு, யாருக்குக் கஞ்சி, சீனி வருத்தக்காரருக்கு எத்தனை அகப்பை என்று எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அங்கேதான் சிங்களமும் கற்றுக்கொண்டார். வார்ட்டில் வேலை செய்த கிண்ணியாப் பெண் பரீதா அங்கேதான் அவருக்குச் சிநேகிதியானார். அத்தான் நெஞ்சுவலியில் திடீரென்று போனபோது முதலில் வந்து அக்காவுக்குத் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தவர் பரீதாதான்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அக்காவுக்கும் சீனி வருத்தம் என்று தெரிந்தது. டொக்டர் சொல்லுமுன் அவருக்கே தெரியும். "இருபத்தெட்டு வருசம் மற்ற ஆக்களுக்குக் கட்டுப்படுத்தி அனுப்பினன், இனி எனக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்றார். குசினியில் சீனிப் போத்தல் இருந்த இடத்தில் வெந்தயப் போத்தல் வந்தது. காலையில் குரக்கன் பிட்டு, மத்தியானம் ஒரு கோப்பைச் சிவப்பரிசிச் சோறு, முருங்கையிலைச் சுண்டல், மீன். மணி தவறினால் வீட்டில் சண்டை நடக்கும்.

ஆனால் ஒன்றை மட்டும் அவர் விடவில்லை. பதினேழு வயதிலிருந்து கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுத்து விரதம் இருந்தவர். டொக்டர் கூடாது என்றார். அக்கா கேட்கவில்லை. நான்காம் நாள் கோயில் வீதியில் சுருண்டு விழுந்தார். தூக்கிக்கொண்டு போய் வார்ட்டில் போட்டார்கள். அவர் விழுந்ததைவிடப் பெரிதாக வேறொன்று அந்தக் கிழமையில் நடந்தது.

கிளிவெட்டியில் எங்கள் அண்ணனுக்கும் இதே வருத்தம். அவருக்கு மாத்திரை கேட்காது, இன்சுலின் ஊசி போட வேண்டும். நாட்டில் யுத்தம் இறுகிய பிறகு அந்தப் பக்கத்தில் அந்த மருந்து கிடைப்பது நின்றுபோனது. அண்ணன் வயலையும் மாட்டையும் விட்டு வர மாட்டேன் என்றார். அக்காவின் தம்பியல்லவா. அதனால் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அக்காவே மருந்து வாங்கி, அகன்ற வாய் பிளாஸ்கில் ஐஸ் போட்டு, அதற்குள் வைத்துக் கொண்டு போய்க் கொடுத்துவந்தார். அக்கா வார்ட்டில் கிடந்த கிழமை மருந்து போகவில்லை. எனக்கு அந்த வழி தெரியாது, அனுப்ப ஆளும் இல்லை. அண்ணன் எட்டு நாள் ஊசி இல்லாமல் இருந்து நினைவிழந்தார். அயலவர்கள் உழவு இயந்திரத்தில் மூதூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். உயிர் தப்பியது, ஒரு கண்ணின் பார்வை போனது.

அக்கா அதற்காக அழுததை நான் காணவில்லை. அடுத்த வருடம் சஷ்டி தொடங்கிய காலையில் கதிரையை முன் விறாந்தைக்கு இழுத்துப் போட்டு, றோட்டில் போகிற எல்லோருக்கும் தெரியக் குரக்கன் பிட்டும் சம்பலும் சாப்பிட்டார். எங்கள் மாமி ஒருவர் கோயிலுக்குப் போகிற வழியில் பார்த்துவிட்டார்.

"என்னடி பிள்ளை, சஷ்டியில பிட்டோ?"

"ஓம் மாமி. முருகனுக்கு முதலே தெரியும். உங்களுக்குத்தான் இண்டைக்குத் தெரிஞ்சது."

மாமி விறுவிறென்று கோயிலுக்கு நடந்துவிட்டார். ஊருக்குச் சொல்லாமல் விடவில்லை. அக்கா கையைக் கழுவி, சேலை மாற்றி, அவருக்குப் பின்னாலேயே கோயிலுக்குப் போனார். நானும் போனேன். முன் வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்கா அர்ச்சனைத் தட்டை நீட்டி, ஐயரிடம் சத்தமாகவே சொன்னார்.

"ஐயா, நான் சாப்பிட்டிட்டுத்தான் வாறன். நான் விழுந்தா என்ர தம்பிக்கு மருந்து கொண்டு போக ஆளில்லை. அர்ச்சனை செய்வீங்களோ, மாட்டீங்களோ?"

ஐயர் தட்டைக் கையில் வாங்கினார். பிறகு, "பேர் நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ" என்றார். அக்கா தன் பெயரைச் சொல்லவில்லை. அண்ணனின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சஷ்டியும் அவர் பட்டினி கிடந்ததில்லை, ஒரு சஷ்டியும் கோயிலுக்குப் போகாமல் விட்டதுமில்லை. இதைச் சரியில்லை என்று நினைத்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நினைக்கட்டும்.

இனி எழுதப்போகும் பகுதியை எடுத்துவிடலாமா என்று அச்சகத்துப் பெரியவர் கேட்டார். என்மேல் உள்ள அக்கறையில்தான் கேட்டார். எடுக்கவில்லை.

கிளிவெட்டிக்குப் போவதென்றால் காலையில் பஸ் பிடித்துத் துறைக்குப் போக வேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்போம். பாதையில் அக்கா கிண்ணியா போய், பரீதா வீட்டில் உருகின ஐஸைக் கொட்டிப் புது ஐஸ் மாற்றுவார். பரீதாவின் குடும்பம் மீன் வியாபாரம். அதனால் எங்கள் பிளாஸ்கில் எப்போதும் சூரை மீன் வாசம் இருக்கும். அங்கிருந்து இன்னும் இரண்டு துறைகள், இடையில் இராணுவச் சோதனைச் சென்றிகள். ஒரு முறை, மருந்துச் சாமான்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று புதிதாக ஓடர் வந்திருந்தது. சென்றியில் நின்ற சிப்பாய் பிளாஸ்கைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது போக ஏலாது. திரும்பிப் போங்க" என்றான். அன்று நானும் கூடப் போயிருந்தேன்.

அக்கா டொக்டரின் கடிதத்தைக் காட்டினார். சென்றிப் பெரியவரின் கையெழுத்து வேண்டும் என்றான். பெரியவர் எங்கே? வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள். நாளைக்கு ஐஸ் இருக்காது, இந்த வெயிலில் மருந்து பழுதாகிவிடும் என்று அக்கா சிங்களத்தில் சொன்னார். அவன் கையை விரித்தான். "அக்கா, போவம்" என்று சேலையை இழுத்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. சென்றிக்கு எதிரே இருந்த வாகை மர நிழலில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

மத்தியானம் ஆனது. அக்கா சோற்றுப் பார்சலை அவிழ்த்து, எனக்குப் பாதி தந்து, தான் பாதி சாப்பிடத் தொடங்கினார். சிப்பாய் கிட்ட வந்து, இங்கே இருக்கக் கூடாது என்றான்.

அக்கா சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன். "தம்பி, எனக்குச் சீனி வருத்தம். நேரத்துக்குச் சாப்பிடாட்டி விழுந்திடுவன். விழுந்தா நீங்கள்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும். சாப்பிட விடுங்கோ."

அவன் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

பிற்பகலில் பெரியவர் ஜீப்பில் வந்து இறங்கினார். அக்கா எழுந்து போய்ப் பிளாஸ்கை அவர் மேசையில் வைத்தார். கெஞ்சவில்லை. "ஓடர் எண்டா வைச்சுக்கொள்ளுங்கோ. நான் ஆஸ்பத்திரியில வேலை செய்தனான். ஒரு சாமானைப் பாரம் எடுத்தா அங்க கையெழுத்து வைப்பம். இன்ன நோயாளியின் இரண்டு கிழமை ஊசி மருந்தை எடுத்துக்கொண்டம் எண்டு எழுதி, உங்கட பேரையும் போட்டுத் தாங்கோ. நான் போறன்" என்றார். தன் பையிலிருந்து கடதாசியும் பேனையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

அந்த மனிதர் கடதாசியைப் பார்த்தார். பேனையைத் தொடவில்லை. பிளாஸ்கை அக்காவின் பக்கம் தள்ளிவிட்டு, போங்கள் என்று தலையை அசைத்தார்.

எப்போதும் இப்படியே நடந்தது என்று நான் பொய் எழுத மாட்டேன். பிறகு இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை மருந்தை நிலத்தில் ஊற்றினார்கள். அக்கா வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, அடுத்த நாளே மறுபடி வாங்கிக்கொண்டு வேறு வழியால் போனார்.

கனடாவில் இருக்கும் அக்காவின் மகன் கிழமைதோறும் போன் எடுத்து, அங்கே வரச் சொல்லி அழைப்பான். அவன் இதை வாசிப்பான், அதனால் அவனுக்கும் சேர்த்து எழுதுகிறேன். "அம்மா, அங்க இருந்தா செத்துப்போவீங்கள்" என்பான்.

"எங்க இருந்தாலும் சாகத்தான் போறன், மகன். அதுவரைக்கும் எனக்கு இங்க வேலை இருக்கு. நீ பிள்ளைகளுக்குப் பருப்புக் கறி வைச்சுக் குடு, பெட்டிச் சாப்பாடு குடுக்காதை" என்று போனை வைத்துவிடுவார். அங்கே போயிருந்தால் இன்னும் பல வருடம் இருந்திருப்பார் என்று செத்த வீட்டன்று நீ போனில் அழுதாய். இருந்திருக்கக்கூடும், தம்பி. ஆனால் உன் அம்மாவை ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் இருத்தி வைத்திருக்க உன்னால் ஏலாது. உன்மேல் பிழை இல்லை, அவர்மேலும் இல்லை.

கடைசியில் காலில் சின்னப் புண்ணாகத்தான் தொடங்கியது. நடந்து நடந்து பெருத்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலையே எடுக்க வேண்டும் என்று பிறகு சொன்னபோது, "எடுங்கோ, ஆனால் பொல்லு பிடிச்சு எப்ப நடக்கலாம் எண்டதை முதல்ல சொல்லுங்கோ" என்று கேட்டார். அதற்கு நாள் குறிக்குமுன் இருதயம் களைத்துவிட்டது. கடைசிக் காலையில் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் இரண்டு வாய் இடியப்பம் எடுத்தார். "சொதியில உப்பு அளவு சரி" என்றார். எங்களுக்கு அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அடுத்த நாள் செத்த வீடு. அன்று பிற்பகல் ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். துறையில் பாதை ஓடவில்லை. அண்ணன் வர வழியில்லை. மகன் கனடாவில். கொள்ளி வைக்க ஆள் யார் என்ற கேள்வி வந்தது. தூரத்து உறவில் ஓர் ஆணைத் தேடிப் பிடிப்போம் என்று சிலர் சொன்னார்கள். அக்கா இதை முன்கூட்டியே யோசித்து, ஒரு மாதம் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். "தம்பிக்கு வர ஏலாட்டி நீ வை. ஆம்பிளை வருமட்டும் என்னைக் கிடத்தி வைக்காதை."

நான் வைக்கிறேன் என்றேன். பொம்பிளை சுடலைக்கு வருவதில்லை என்று ஒருவர் உரத்துச் சொன்னார். எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் நடுங்கவில்லை. "வருவதில்லை என்றால் இன்றைக்கு வருகிறாள்" என்றேன். இரண்டு பேர் வாசல் படலையோடு திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் இந்த மலர் அனுப்பப்படுகிறது. மற்றவர்கள் வந்தார்கள். ஊரடங்குக்கு முன் எல்லாம் முடிந்தது. நெருப்பு வைத்த கை இதே கைதான், இதை எழுதுகிற கை.

மூன்றாம் நாள் அண்ணன் வந்து சேர்ந்தார். படம் வைத்திருந்த அறைக்குள் போகாமல் குசினிக்குள் வந்து மர வாங்கில் இருந்தார். "கடைசியா என்ன சாப்பிட்டவ?" என்று கேட்டார். சொன்னேன். அப்போதுதான் அழுதார். அழுது முடித்ததும் அவருக்குச் சோறு போட்டேன். ஊசி நேரம் தவறவில்லை. அவர் மருந்து இப்போது என் கையில் போகிறது. போன கிழமை தனியாகப் போய் வந்தேன். பயமாகத்தான் இருந்தது.

அக்காவின் காலைக் கடைசிவரை அலுக்காமல் கழுவிக் கட்டிய தாதியருக்கும், உண்மையை மறைக்காமல் சொன்ன டொக்டருக்கும், ஒரு நாளும் ஐஸுக்கு மறுப்புச் சொல்லாத பரீதாவுக்கும் அவர் வீட்டாருக்கும், துறைகளில் அக்காவை முதலில் ஏற்றி இருக்க இடம் கொடுத்த பாதைக்காரருக்கும், பெயர் நட்சத்திரம் கேட்ட ஐயருக்கும், ஊரடங்கைப் பார்த்துக்கொண்டே பாடை கட்டித் தோள் கொடுத்த ஓர்ஸ் ஹில் அயலவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்று சமைத்துப் பரிமாற வந்த பெண்களுக்கும் அப்படியே.

இனி அந்த வீட்டைப் பூட்டிவிட்டு எங்கே போகப் போகிறாய் என்று பலர் கேட்டீர்கள். எல்லோருக்கும் இதில் ஒரே பதில். நான் எங்கும் போகவில்லை. பகலில் எந்த நேரமும் வாருங்கள். வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

தங்கை