தோல் வார் கட்டிய கேன்

அந்தக் கேனின் கைப்பிடியில் விரற்கடை அகலத்தில் கறுப்பாக ஒரு தோல் வார் கட்டியிருந்தது. முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகத்தால் அவிழ்க்க வரவில்லை. மேசை டிராயரிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த இடத்தில் சிவப்பு சாட்டின் ரிப்பனைப் பூப்போலக் கட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆம்பூர் ஆரம்பப் பள்ளி ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருடம். எதிலும் அழகு பார்க்கிற புத்தி எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.

மூன்றாம் வகுப்புக்கு மறுசுழற்சிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘கழுவினால் எதுவும் புதிதாகும்’ என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, பிள்ளைகளை ஒரு வாரம் அதைச் சொல்ல வைத்தேன். வீட்டில் தூக்கிப் போடுகிற பொருளைக் கொண்டுவந்து அதற்கு ஒரு புது வேலை கொடுக்க வேண்டும், நன்றாகச் செய்தவர்களுக்கு ஸ்டார் என்றேன். ஷூ அட்டைப் பெட்டிகள் வந்தன, ஐஸ்கிரீம் கப்புகள் வந்தன. இரண்டாவது பெஞ்சில் உட்காரும் ஒரு பெண், இருபது லிட்டர் வெள்ளைக் கேனைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தாள். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. “செடிக்குத் தண்ணி ஊத்த, டீச்சர்” என்றாள்.

செடிக்கு ஊற்றுவதில் என்ன பெருமை இருக்கிறது? நான் பெரிதாக யோசித்தேன். அடியில் குழாய் பொருத்தி, வகுப்புக்கே குடிதண்ணீர்க் கேனாக ஆக்கிவிடலாம் என்று முடிவுசெய்தேன். நான் வாரை வெட்டும்போது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். “டீச்சர், அத்த அவுக்கக் கூடாது. அதுல குடிக்கிற தண்ணி ஊத்த மாட்டாங்க” என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். “அதான் மூணு வாட்டி கழுவிட்டோமே, அழுக்கு வாரு எதுக்கு? போய் உக்காரு” என்றேன். அவள் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை இடைவேளையில் பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் நின்றார்கள். முதல் இரண்டு பையன்கள் குடித்துவிட்டு நகர்ந்தார்கள். மூன்றாவதாக நின்றது அவள். டம்ளரை நீட்டுவாள் என்று பார்த்தால், இரண்டு கைகளாலும் கேனைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டாள். வகுப்பு முழுக்கத் தண்ணீர். புத்தகப் பைகள் நனைந்தன. என் ரிப்பன் தண்ணீரில் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் காதைத் திருகி, தலைமை ஆசிரியையின் அறைக்கு இழுத்துப் போனேன். அவள் அழவில்லை. “குட்சிட்டாங்க டீச்சர், ரெண்டு பேரு குட்சிட்டாங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

போன் போட்ட அரை மணி நேரத்தில் அவள் அப்பா வந்துவிட்டார். முழங்கை வரை நீலக் கறை, காலில் ரப்பர் பூட்ஸ். மகளைப் பார்ப்பதற்கு முன் மூலையில் கிடந்த கேனைத்தான் பார்த்தார்.

“இதுல கட்டியிருந்த தோலு எங்க, டீச்சர்?”

வெட்டிவிட்டேன் என்றேன். அவர் முகம் மாறியதை இன்னும் என்னால் சொல்லில் எழுத முடியவில்லை. “யாராச்சும் குட்சாங்களா?” என்றார். அவருடைய தெருவில் டேனரியிலிருந்து எந்தக் கேன் வந்தாலும் முதல் வேலையாகக் கைப்பிடியில் ஒரு தோல் துண்டைக் கட்டிவிடுவார்களாம். கக்கூசுக்கு, செடிக்கு எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கு ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் ஆகாது. “நடக்கத் தெரிஞ்ச புள்ளைக்குக்கூட எங்க தெருவுல தெரியும்” என்றார். நான் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் பிறந்தவள், நெல்லும் கரும்பும்தான் தெரியும். எனக்கு அது வெறும் அழுக்கு வார்.

பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம்தான். இரண்டு பையன்களையும் ஆட்டோவில் ஏற்றினோம். ஒருவன் வயிறு வலிக்கிறது என்று சுருண்டுகொண்டான், இன்னொருவன் அவனைப் பார்த்து அழுதான். அரசு மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கேனில் என்ன இருந்தது என்பது. யாருக்கும் தெரியாது, மேலே ஒட்டியிருந்த தாளைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். அவள் அப்பா வராந்தாவில் நின்று டேனரிக்குப் போன் மேல் போன் போட்டார். கடைசியில் மேஸ்திரி கிடங்கில் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஆசிட் இல்லை, தோலை மிருதுவாக்கப் போடும் எண்ணெய் வந்த கேன் என்று தெரிந்தது. சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று இருவரையும் அனுப்பிவிட்டார்கள். இரண்டு அம்மாக்களும் என்னைப் பார்த்த பார்வையை நான் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை. மறுநாள் காலை தலைமை ஆசிரியை தன் அறையில் எல்லோரையும் நிற்க வைத்திருந்தார். “விஷக் கேனை ஸ்கூலுக்குக் குடுத்து அனுப்புவீங்களா? டி.சி. வாங்கிக்கினு போங்க” என்று அவள் அப்பாவிடம் சத்தம் போட்டார். அவர் மகளிடம் குனிந்து, “டீச்சர்கிட்ட ஏம்மா சொல்லல?” என்றார்.

“சொன்னேம்பா.”

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். “சொன்னாளா, டீச்சர்?”

வார் என்னவென்று தெரியாமல் வெட்டியதற்கு மன்னிப்பு உண்டு. குழந்தை சொல்லியும் கேட்கவில்லை என்றால் வேலை போய்விடும். தகுதிகாண் பருவம்கூட முடியவில்லை. “சரியா ஞாபகம் இல்ல, மேடம்” என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த நீலக் கைகளைக் கூப்பி, “எங்க தப்புதான் மேடம், மன்னிச்சிக்குங்க” என்றார். டி.சி. கொடுக்கவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் என் வகுப்பில் ஒரு கேள்விக்கும் கை தூக்கவில்லை. எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

இப்போது வாலாஜாபேட்டைப் பக்கம் இருக்கிறேன். இன்றும் அதே பாடம் நடத்துகிறேன். முதலில், உங்கள் வீட்டில் எதைக் கழுவினாலும் சாப்பிட, குடிக்க எடுக்க மாட்டார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். ஒவ்வொருவரும் சொல்லி முடிக்கும் வரை காத்திருப்பேன். போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பாவைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள் என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. “அன்னைக்கு உங்க பொண்ணு என்கிட்ட சொன்னா. நான் பொய் சொல்லிட்டேன்” என்றேன்.

“தெரியும் டீச்சர். அவ பொய் சொல்ல மாட்டா.”

“அப்புறம் ஏன் நீங்க மன்னிப்பு கேட்டீங்க?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினுதான் இருந்தேன். நீங்க சொல்லல. அவ படிப்பு போய்டுமேன்னு நான் கேட்டுட்டேன்.” பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். “டீச்சரே பொய் சொல்றாங்கன்னு தெரிஞ்சா ஸ்கூலுக்கே போக மாட்டா. அதான், நீ மெதுவா சொல்லியிருப்ப, அவங்களுக்குக் கேட்டிருக்காதுன்னு சொல்லி வெச்சேன். இன்னிய வரைக்கும் அதத்தான் நம்பிக்கினு இருக்கா.”

நம்பர் கேட்டேன். பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துச் சொன்னார். அங்கேயே, அவர் முன்னாலேயே அழைத்தேன். எடுத்தது வளர்ந்த பெண்ணின் குரல். நான் யாரென்று சொன்னேன்.

“கேன் விஷயத்தை நீ சொன்னம்மா” என்றேன். “நல்லா சத்தமாத்தான் சொன்ன. எனக்குக் கேட்டுச்சு.”