மூலை வெட்டிய கடிதங்கள்

எங்கள் வீட்டிலிருந்து எனக்கு வரும் கடிதத்தை மூன்று பேர் சேர்ந்து தயாரிப்பார்கள். அப்பா சொல்வார், அண்ணன் எழுதுவார், அம்மா மஞ்சள் தடவுவாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். அண்ணன் எட்டாவது வரை படித்தவர். அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். மூவரில் அம்மாவின் வேலைதான் சுத்தம். குழைத்த மஞ்சளை விரல் நுனியில் தொட்டு, தாளின் நான்கு மூலையிலும் ஒரே அளவாக ஒற்றியிருப்பாள்.

மூலையில் மஞ்சள் இருந்தால் நல்ல சேதி, கருப்பு இருந்தால் சாவுச் சேதி. எழுத்துத் தெரியாதவர்களும் தபால்காரர் கையில் இருக்கும்போதே இதைப் படித்துவிடுவார்கள். மற்ற வீடுகளில் கல்யாணம், காதுகுத்து என்றால்தான் மஞ்சள் தடவுவார்கள். அம்மாவுக்கோ எனக்குப் போகிற எந்தக் கடிதமும் அதற்குக் குறைந்ததில்லை.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மானாவாரி நிலம். நிலக்கடலை, கேழ்வரகு, ஒரு கிணறு. கிணறு என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். பங்குனி பிறந்தால் அதன் அடியில் தவளைகூடத் தங்காது. அப்பா வருடா வருடம் வெடி வைத்து ஆழப்படுத்துவார். அது வருடா வருடம் அவரை ஏமாற்றும். அம்மாவின் சண்டை கிணற்றோடு அல்ல, எலியோடு. விதைக் கடலை மூட்டைகளை எலி கடித்து ஓட்டை போட, அவள் கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்து தைத்துக்கொண்டே இருப்பாள். பற்களின் தடத்தைப் பார்த்தே பெரிய எலியா சுண்டெலியா என்று சொல்லிவிடுவாள்.

கிணறு ஏமாற்றியதாலோ என்னவோ நான் நிலத்தடி நீரைப் பற்றிப் படிக்கப் போனேன். அறுபதுகளின் கடைசியில் உதவித்தொகை கிடைத்து மேற்கு ஜெர்மனிக்குக் கிளம்பியபோது தருமபுரி ரயில் நிலையத்தில் அப்பா சொன்னது இவ்வளவுதான்: "போயி, தண்ணி எங்க இருக்குதுன்னு கேட்டுக்கிட்டு வா." யாரோ தெரிந்தவர் வீட்டு விலாசம் விசாரிக்கச் சொல்வது போலச் சொன்னார். ரயில் நகரும்போது அம்மா மஞ்சள் பூசிய கையால் என் கன்னத்தைத் தடவினாள். அந்த மஞ்சள் ஜோலார்பேட்டை வரை என் கன்னத்தில் இருந்தது.

நான் போய்ச் சேர்ந்த ஊரில் தண்ணீர் வானத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. மழை பெய்தால் அங்கே முகம் சுளிப்பார்கள். எனக்கு முதல் மாதம் முழுக்க அது ஒரு பெரிய அநியாயமாகப் பட்டது. அப்பாவுக்கு எழுதினேன். பதிலில் அண்ணன் எழுத்தில் அப்பா கேட்டிருந்தார்: "அங்கே கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர்? மழையைத் திட்டுகிறவர்களுக்குச் சோறு எப்படிக் கிடைக்கிறது?"

ஒரு வயதான அம்மாள் வீட்டில் மாடி அறையில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உதட்டில் சாயம் பூசி, தொப்பி வைத்து, கோவிலுக்குப் போவார். அவர் கணவரை இழந்தவர் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பார்த்துத் தெரிந்துகொள்ள அவர் உடம்பில் ஒன்றுமே இல்லை. எங்கள் ஊரில் ஒரு பெண்ணைத் தெருக்கோடியில் பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்போது யோசித்தேன். எதற்காகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை.

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. என் வகுப்பில் ஒருவன், தந்தி வந்ததும், "என் அப்பா இறந்துவிட்டார்" என்று எல்லோரிடமும் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ரயிலேறினான். திங்கட்கிழமை திரும்பி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தான். கல்நெஞ்சுக்காரர்கள் என்று அண்ணனுக்கு எழுதினேன். நம் ஊரில் இப்படிப் பட்டென்று சொல்வோமா, ஆறுதலாக, பக்குவமாக அல்லவா சொல்வோம் என்று பெருமையாக இரண்டு வரி சேர்த்திருந்தேன்.

மஞ்சளுக்கு வருகிறேன். என் கடிதங்களை வீட்டுக்கார அம்மாள்தான் மேலே கொண்டுவந்து கொடுப்பார். நீல ஏர்மெயில் தாளை இரண்டு விரலால் ஓரமாகப் பிடித்திருப்பார். ஒருநாள் அவருடைய வெள்ளை மேசை விரிப்பில் மஞ்சள் ஒட்டிவிட்டது. எத்தனை முறை துடைத்தும் போகவில்லை. "இது என்ன, சாப்பாடா?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. கூடப் படிக்கும் இரண்டு பேர் அப்போது என்னோடு இருந்தார்கள்.

"ஆமாம். என் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே எழுதுவான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் அம்மா எனக்கு அனுப்பும் ஆசீர்வாதம் என்று சொல்ல எனக்கு அந்த மொழியில் வார்த்தை இருந்தது. தேர்வில் பாறை அடுக்குகளைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியவன் நான். வார்த்தைப் பஞ்சம் இல்லை; வெட்கம்தான். அன்று மாலை கத்திரிக்கோலை எடுத்து அந்தக் கடிதத்தின் நான்கு மூலைகளையும் வெட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மேசை இழுப்பறையில் இருந்த பழைய கடிதங்களையும் விடவில்லை. அதன் பிறகு எது வந்தாலும் முதல் வேலை மூலையை வெட்டுவது, இரண்டாவது வேலைதான் படிப்பது. சில சமயம் ஓரத்துச் சொல்லும் சேர்ந்து போய்விடும். அண்ணனின் எழுத்தில் ஒரு சொல் குறைந்தால் என்ன நஷ்டம் என்று விட்டுவிடுவேன்.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு வெட்டுவதுகூட அலுத்து, வீட்டுக்கே எழுதிவிட்டேன். "இங்கே கறையைப் பார்த்தால் அசிங்கமாக நினைக்கிறார்கள். இனிமேல் மஞ்சள் தடவ வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லவும்." இந்த வரியை இப்போது ஞாபகத்தில் இருந்து எழுதவில்லை. அண்ணன் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்தார், பிற்பாடு நானே படித்தேன்.

அடுத்து வந்த கடிதத்தில் மஞ்சள் இல்லை. நீலத் தாள் சுத்தமாக இருந்தது. அம்மா இவ்வளவு சீக்கிரம் கேட்டுக்கொண்டாளே என்று சந்தோஷப்பட்டேன். ஆம், சந்தோஷப்பட்டேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் வேறு மாதிரி இருந்தன. முன்பெல்லாம் "அப்பா சொல்லச் சொன்னது" என்று ஆரம்பிக்கும். இப்போது "இங்கு மழை இல்லை" என்று ஆரம்பித்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி என்று கேட்டால், அண்ணன் கிணற்றில் வெடி வைத்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவார். அப்பா என் பட்டத்தைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டால், கடலை விலை பற்றி எழுதுவார். அண்ணனுக்குப் பொய் எழுத வராது. இரண்டு வருடத்தில் ஒரு பொய்கூட அவர் எழுதவில்லை. மேலே புல்லைப் பார்த்து, கீழே எத்தனை அடியில் ஈரம் இருக்கிறது என்று சொல்லப் படித்தவன் நான். என் அண்ணன் எழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் படிப்பு முடிந்து திரும்பினேன். தருமபுரியில் இறங்கியபோது அண்ணன் மட்டும் நின்றிருந்தார். அப்பாவுக்காக வாங்கிய கம்பளிப் போர்வை பெட்டியில் கொள்ளாமல் என் தோளில் கிடந்தது. மார்கழிப் பனியில் காட்டில் காவல் இருப்பாரே என்று வாங்கியது.

"அப்பா வரலையாண்ணா?"

"வா, வூட்டுக்குப் போலாம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

காரிமங்கலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். பின் சீட்டில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"வந்துட்டியா சாமி. இந்தக் கோலத்துல உன்னப் பாக்க உங்கப்பாருக்குக் குடுத்து வெக்கலையே. ரெண்டு வருசம் ஆச்சே மகராசன் போயி."

அண்ணன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வந்து டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். நான் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அதன் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனதும் பக்குவமாகச் சொல்லலாம் என்று அண்ணன் நினைத்திருந்தாராம். இரண்டு வருடம் காத்தவருக்கு இன்னும் அரை மணி நேரம் கிடைக்கவில்லை.

இறங்கி நடக்கும்போதுதான் அவர் வாய் திறந்தார்.

"மாரடைப்பு. காலைல கெணத்து மேட்டுல உக்காந்தவரு, எந்திரிக்கல. வூட்டுக்குத் தூக்கியாந்தப்பவும் நெனவு இருந்துச்சு. 'சின்னவனுக்கு எழுதாதீங்க, படிப்ப விட்டுட்டு ஓடியாந்துருவான்'னாரு. அதுக்கு மேல என்னடா பண்ணச் சொல்ற?"

"அம்மா?"

"அம்மாதான் பயந்துக்கிட்டு இருந்துச்சு. மஞ்சளு இல்லாம கடுதாசி போனா உனக்குத் தெரிஞ்சுருமேன்னு. உங்க அண்ணி, நான் தடவறேன்னா. அம்மா ஒத்துக்கல, வேற வெரலு, புள்ள கண்டுபிடிச்சுருவான்னுச்சு. கருமாதிக்கு மொத நாளு உன் கடுதாசி வருது. மஞ்சளே வேண்டாம்னு." நின்று, பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். "படிச்சுக் காட்டுனேன். நல்லவேள, புள்ளையே வேண்டாம்னுட்டான்னு சொல்லுச்சு. அன்னைக்கித்தான் ஒரு வாய் சோறு தின்னுச்சு."

அந்த ஒரு வரியை நான் எழுதாமல் இருந்திருந்தால் மஞ்சள் நின்ற அன்றே எனக்குத் தெரிந்திருக்கும். காரியத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாதுதான். ஆனால் இரண்டு வருடம் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் முழங்காலை விசாரித்து, போர்வைக் கடையில் நிறம் பார்த்து நின்றிருக்க மாட்டேன். அழ வேண்டிய நாளில் அழுதிருப்பேன்.

வாசலில் அண்ணி ஆரத்தித் தட்டோடு நின்றார். அம்மா இல்லை. எங்கே என்று கேட்டேன். நல்லபடியாகத் திரும்பி வருகிற பிள்ளைக்கு எதிரே தான் வரக்கூடாது என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாளாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். அடுப்படியில், கடலை மூட்டைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பெற்றவள், தன்னிடமிருந்து என்னைக் காப்பாற்ற ஒளிந்திருந்தாள். எனக்கு அந்த வீட்டுக்கார அம்மாளின் தொப்பி ஞாபகம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர்மேலும் கோபம் வந்தது.

"எளச்சுப் போயிட்டியே கண்ணு" என்றாள். என் முகத்தைத் தொடக் கையைத் தூக்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நான்தான் அந்தக் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். கன்னத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம். அம்மா கோணி தைத்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"நாங்க போட்ட கடுதாசியெல்லாம் என்ன பண்ணுன?"

"எல்லாம் இருக்குதும்மா. ஒண்ணுகூட வீசலை" என்று பெருமையாகச் சொல்லி, நூல் கட்டிய கட்டை எடுத்தும் விட்டேன்.

"குடு, ஒருக்கா பாக்கறேன். அதுல என் கையி மஞ்சளு இருக்கும்ல?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கட்டு அதற்குள் அவள் கைக்குப் போய்விட்டது. ஊசியைத் தலைமுடியில் செருகிக்கொண்டு, நூலை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். எழுத்தின்மேல் அவள் கண் போகவில்லை. மூலைக்குத்தான் போனது. மஞ்சள் இருந்த தாள்களில் மூலை இல்லை. மூலை இருந்த தாள்களில் மஞ்சள் இல்லை. கடைசித் தாள் வரை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு முதல் தாளைத் திரும்ப எடுத்து, கத்திரி போன இடத்தை விரலால் தடவினாள். பஞ்சாயத்தில் நிற்பவன் போல அவள் முன்னால் நின்றேன்.

"எலியா கண்ணு?" என்று கேட்டாள்.

என் அம்மாவுக்கு எலிப் பல் தெரியாதா? என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

"அங்கியும் இருக்குதா அது" என்று சொல்லிக்கொண்டே தாள்களை அடுக்கி, பழையபடி நூலைச் சுற்றி, என் கையில் கொடுத்தாள். பிறகு தலையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டாள்.

"எழுத்த விட்டுட்டு மஞ்சளா பாத்துத் தின்னுருக்குது பாரு. போகுது விடு. அதுக்கென்ன தெரியும்?"