மீன் கொடுத்த மாமனார்

விற்ற மீனை வீடு புகுந்து திருடிக்கொண்டு வந்துவிடுகிறார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு. பேச்சுக்கு உரியவரோ அந்த நேரம் தன் வண்ணமீன் கடை வாசலில் நின்று, யாரோ கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். அதில் கொஞ்சத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊற்றினார். மருந்து சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் பச்சையானது. கொண்டுவந்த இளைஞரின் முகம் வெளுத்தது.

“இன்னும் ஆகல தம்பி. மஞ்சளா வரணும். அடுத்த வாரம் கொண்டாங்க.”

“சார், வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் மீன் எங்கே, மீன் எங்கேனு கேக்கறாங்க.”

“வந்துக்கிட்டே இருக்குனு சொல்லுங்க.”

“என் மாமனார் கூட பொண்ணு குடுக்க இவ்வளவு பிகு பண்ணல சார்.”

“பிடிக்கலைன்னா அவர் பொண்ணு நடந்தே வீட்டுக்கு வந்துரும். இதுக்குக் கால் இல்லையே.”

அவருக்கு மாமனார் என்று பெயர் வந்தது இப்படித்தான். அவர் கடையில் தொட்டி முதலில், மீன் பிறகு. தொட்டி வாங்கியவர் அதில் தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலே ஒரு மாதம் போல வைத்திருக்க வேண்டும். தினம் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைத் தேற்றும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் முதலில் அங்கே குடியேற வேண்டுமாம். ஆளில்லாத தொட்டிக்கு வேளை தவறாமல் சோறு போடும் குடும்பங்கள் இன்று இந்த ஊரில் எத்தனையோ. அந்தத் தண்ணீர் சோதனையில் தேறினால்தான் மீன். நீல சோஃபாவுக்குப் பொருத்தமாக ஆரஞ்சில் இரண்டு வேண்டும் என்று கேட்டு வந்த தம்பதியிடம், “குஷன் கடை எதிர்ல இருக்கு” என்று கை காட்டியவர் அவர்.

பின்னறையில் தையல் மெஷின் மிதிக்கும் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். “மீன் கடைனு பேரு. உள்ள வந்து மீன் மட்டும் கேட்டுரக் கூடாது” என்பார். மெஷின் ஓடும் வரை அடுப்பும் எரியும் என்பதால் மாமனார் மறுபேச்சு பேசுவதில்லை.

இப்படிப்பட்டவரா திருடுவார்? விசாரிக்காமல் விடலாமா? பூட்டுக்கடையில் கேட்டால், அவர் ஊரில் பாதி வீட்டுக்கு மாற்றுச் சாவி வைத்திருக்கிறார் என்றார்கள். யார் செய்து கொடுத்த சாவி என்று கேட்டதும் பூட்டுக்காரருக்கு அவசர வேலை வந்துவிட்டது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்தான் கண்ணால் கண்ட சாட்சி. “பட்டப்பகல்ல வர்றாரு சார். கால்ல செருப்பு இல்ல. கழுத்துல கைக்குழந்தைக்குக் கட்டற மாதிரி காகிதத் துண்டு. வாய் ஒரு பக்கம் கோணி எச்சில் ஒழுகுது. கையில கண்ணாடிக் கிண்ணம், உள்ள மீனு. அண்ணே என்னாச்சுனு கேட்டேன். ‘ஊ ஊ’ங்கறாரு. நான் பயந்து ஷட்டர இறக்கிட்டேன்.”

சாட்சி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நடந்ததில் பாதியைத்தான் அவர் பார்க்கவில்லை.

தெருமுனையில் மாடியில் ஒரு பல் மருத்துவமனை. மாமனாரின் கடைவாய்ப் பல் ஒன்று வெகுநாளாகப் படுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர்ப் பாம்பைக் கையால் பிடிப்பவருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். மனைவி விரட்டிய பிறகே போனார். அங்கே வரவேற்பு மேசையில் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம். அதில் ஒரு தங்கமீன், திரும்பினால் வால் இடிக்கும் அளவு வளர்ந்தது. வருகிறவர்களை எல்லாம் பார்த்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சின்னப் பிள்ளைகள் பயந்து வாயை இறுக்கிக்கொண்டால் டாக்டரம்மா கிண்ணத்தைத் தூக்கிவந்து பக்கத்தில் வைப்பார். “பாரு, மீனு எவ்வளவு சமத்தா ஆ காட்டுது! நீயும் காட்டு.” பிள்ளை காட்டிவிடும். மேசையில் இருந்த பெண் பெருமையோடு சொல்வாள்: “இதுதான் சார் எங்க ஹெட் நர்ஸ்.”

மாமனாருக்கு ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகட்டும் என்று டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போனார். சாய்ந்து கிடந்தவர் ஊசித் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட மேசைப்பெண், தைரியத்துக்காகக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முகத்தருகே வைத்தாள். மீன் மேலே வந்தது. ஆ காட்டியது. மறுபடி காட்டியது. அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மீன் யாருக்கும் வித்தை காட்டவில்லை. தண்ணீருக்குள் காற்று போதாமல் மேல்விளிம்புக்கு வந்து வந்து மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தது.

சொல்லலாம் என்றால் நாக்கு கட்டையாகக் கிடந்தது. கிண்ணத்தைக் காட்டி, மார்பைக் காட்டி, கையால் விசிறிக் காட்டினார். “வேர்க்குதா சார்? ஏசியைக் கூட்டறேன்” என்று அவள் போனாள். அவள் திரும்பி வந்தபோது நாற்காலி காலி. கிண்ணத்தையும் காணோம். வாசலில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் சாட்சியாக இருந்தது.

அன்று மாலையே டாக்டரம்மா கடைக்கு வந்துவிட்டார். மாமனாருக்கு மரப்பு தெளிந்து, பிடுங்காத பல் வட்டியோடு வலித்துக்கொண்டிருந்த நேரம்.

“என் மீன் எங்கே?”

அவர் சுவரோரம் இருந்த நீளத் தொட்டியைக் காட்டினார். மீன் அடியில் கூழாங்கற்களைக் கிளறிக்கொண்டு, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. டாக்டரம்மா கண்ணாடியருகே குனிந்தார். மீன் மேலே வரவில்லை.

“என்னைத் தெரியலையா இதுக்கு?”

“தெரியும் டாக்டரம்மா. ஆனா அங்க அது வாயத் தொறந்தது உங்களைப் பாத்து இல்ல. மூச்சுக்கு.”

டாக்டரம்மா குனிந்தபடியே மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை பிள்ளைகளுக்கு அந்த வாயைக் காட்டியிருப்பார் என்று கணக்குப் போட்டிருக்கலாம். பிறகு நிமிர்ந்தார். கண் மேல்தட்டுக்குப் போனது. அங்கே வரிசையாகச் சின்னச் சின்னப் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சண்டை மீன்.

“அதுங்க?”

“சேத்து விட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கும். அதான் தனித்தனியா.”

“சரி. அதுக்கு இவ்வளவு சின்னதா?”

“மொத்த வியாபாரக் கடையில இருந்து அப்படித்தான் வரும்.”

“எனக்கும் கிண்ணம் கடையில இருந்து அப்படித்தான் வந்துச்சு. காரணம் எல்லார்கிட்டயும் இருக்கு, இல்லையா? அதுவும் வேண்டாம், இந்தப் பெரிய தொட்டியே ஆறா, குளமா? நீங்க நீளமான கிண்ணம் வெச்சிருக்கீங்க, நான் உருண்டையா வெச்சிருந்தேன். அவ்வளவுதானே?”

பின்னறையில் தையல் மெஷின் நின்றது.

மாமனார் தாடையைப் பிடித்துக்கொண்டார். வலி பல்லில் மட்டும் இல்லை. “அதுக்குப் பதில் தெரிஞ்சா ஒண்ணு கடைய மூடியிருப்பேன், இல்ல நிம்மதியா தூங்கியிருப்பேன். ரெண்டும் நடக்கல. இது தொட்டியிலயே பொறந்து வளர்ந்த மீனு, ஆத்துல விட்டா ஆத்துக்கும் கேடு. நம்மகிட்ட வந்து மாட்டிக்கிச்சு. மாட்டினதுக்கு மூச்சாவது முட்டாம பாக்கணும். அதுக்கு மேல எனக்கு ஞானம் இல்லம்மா.”

“ஆக, மீனைத் திருப்பித் தர மாட்டீங்க.”

“தர்றேன். தொட்டி வைங்க. தண்ணி கொண்டாங்க.”

உள்ளேயிருந்து குரல் வந்தது: “டாக்டரம்மா, தெரியாம பொண்ணு கேட்டுட்டீங்க. இனி ஜாதகம் வரைக்கும் போவாரு.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் தொட்டி வாங்கினார். மருத்துவமனையில் பழைய பத்திரிகைகள் கிடந்த சுவரோரம் முழுக்க இப்போது நீளத் தொட்டி. மீன் இல்லாத தண்ணீரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நோயாளிகள் காத்திருந்தார்கள். வாயைத் திறக்காத பிள்ளைகளுக்கு, தொட்டியில் குமிழி விடுவதைக் காட்டி “நீயும் ஊது” என்று சொல்லிப் பார்த்தார் டாக்டரம்மா. ஊத வாயைத் திறந்த இடைவெளியில் வேலை முடிந்தது. மேசைப்பெண் வாராவாரம் பாட்டிலோடு வருவாள். பச்சை. அடுத்த வாரம் கொஞ்சம் வெளிர்பச்சை. “டாக்டர் பரீட்சை எழுதினப்பகூட இப்படி முழிச்சதில்லையாம்” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

இங்கே மாமனாரும் சும்மா இருக்கவில்லை. மேல்தட்டுப் பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினார். மேலே மூடி போட்ட தனித்தனித் தொட்டிகள், நடுவே பார்வை மறைக்க அட்டைத் தடுப்பு, உள்ளே ஒளிந்துகொள்ள இலை. இருந்த சண்டை மீன்களை அப்படிக் குடியேற்றிவிட்டு, மொத்தக் கடைக்குப் போன் போட்டு இனி அனுப்ப வேண்டாம் என்றார். “சொந்தமா புத்தி வரலைன்னாலும், பல் டாக்டர் சொல்லி வந்துச்சே” என்றார் மனைவி. தடுப்புகளுக்கு விளிம்பில் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

ஒருநாள் குழாயில் தண்ணீர் மஞ்சளாக நின்றது. மாமனார் இருமுறை குலுக்கிப் பார்த்தார். மஞ்சளேதான்.

மீனைப் பெரிய பையில் ஏந்திக்கொண்டு மாடி ஏறினார், இந்த முறை செருப்போடு. பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, பொறுத்து, பிறகு விட்டார். மீன் ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு நேரே அடிக்குப் போய் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு கற்களைக் கிளற ஆரம்பித்தது. “ஹெட் நர்ஸ் ரிசைன் பண்ணிட்டாங்க” என்றாள் மேசைப்பெண். டாக்டரம்மா அன்று சிரித்தார்.

“வந்ததுதான் வந்தீங்க, உள்ள வாங்க. பாதியில விட்ட வேலை ஒண்ணு இருக்கு.”

தப்பிக்க வழி இல்லை. நாற்காலியில் சாய்ந்தார். கழுத்தில் காகிதத் துண்டு ஏறியது. விளக்கு முகத்துக்கு நேராக வந்தது. கையுறை மாட்டிக்கொண்டே டாக்டரம்மா கேட்டார்: “மீன் வந்துருச்சு. சரி. என் கிண்ணம் எப்ப வரும்?”

அந்தக் கிண்ணம் கடையின் உச்சித் தட்டில் பழைய சாக்கைப் போர்த்திக்கொண்டு இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் அது எந்த மேசையில் எந்த மீனோடு போய் உட்காருமோ என்று அவருக்கு ஒரு பயம். ஆனாலும் அடுத்தவர் பொருள்.

“கேக்கறேன் இல்ல? கிண்ணம்?”

மாமனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, யாரும் சொல்லாமலே வாயைப் பெரிதாகத் திறந்தார்.