மனத்தாங்கல் ஏதுமின்றி

எனக்குச் சண்டை பிடிக்காது. அதை ஏதோ பெரிய குணம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் உப அதிபராக இருந்த காலத்தில் இரண்டு பொடியள் சட்டை கிழிந்து வந்து நின்றால், யார் முதலில் அடித்தது என்று விசாரிக்க மாட்டேன். "கைகுடுங்கோ" என்பேன். கொடுப்பார்கள். அடித்தவன் சிரித்துக்கொண்டு வகுப்புக்குப் போவான், அடிவாங்கியவன் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவான். அந்தத் திரும்பிப் பார்த்தல் எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஓய்வு பெற்ற கையோடு என்னை மத்தியஸ்த சபைக்கு எடுத்தார்கள். சின்னப் பிணக்குகள் எங்கள் நாட்டில் நேரே நீதிமன்றத்துக்குப் போக முடியாது, முதலில் இந்தச் சபைக்கு வரவேண்டும். சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்று பேர் இருப்போம். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. இரு பகுதியையும் கதைக்கவைத்து இணக்கலாம், அவ்வளவுதான். இணங்காவிட்டால், "இது தீரவில்லை" என்று ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுக்கவேண்டும். அதைக் கொண்டுதான் அவர்கள் கோட்டுக்குப் போகலாம்.

அந்தச் சான்றிதழை எழுத எனக்குக் கை வராது. என்னிடம் வந்த வழக்கு தீராமல் போவதா? வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போலக் கதைப்பேன். கோட்டுப் படி ஏறிய எந்தக் குடும்பம் உருப்பட்டது என்று கேட்பேன். பணியாதவர்களுக்கு அடுத்த சனி வரச் சொல்லித் தவணை போடுவேன். கடைசியில் இணக்கப் பத்திரத்தை நானே கைப்பட எழுதுவேன், என் எழுத்து அழகு. ஒப்பங்களுக்கு மேலே ஒரு வரிக்கு இடம் விட்டுவைப்பேன். இருவரும் ஒப்பமிட்டுக் கைகொடுத்த பிறகு அந்த இடத்தில், "இரு பகுதியாரும் மனத்தாங்கல் ஏதுமின்றிச் சமாதானமாகப் பிரிந்தனர்" என்று எழுதுவேன். சட்டம் கேட்காத வரி. கைகொடுக்கும் முன் எழுதினால் பொய்யாகிவிடுமல்லவா, அதனால்தான் பிறகு எழுதுவது. என் நேர்மை அப்படிப்பட்டது!

குருநகரில் இருந்து அந்தப் பெண் வந்தது அப்படியான ஒரு சனிக்கிழமை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவருக்கு நெஞ்சு வருத்தம், கடலுக்குப் போகக்கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இனி என்ன தொழில் செய்வது என்று தவித்திருந்த வேளையில், தேவாலயப் பங்கு மண்டபத்தில் ஒரு தொழில் ஆலோசகர் கூட்டம் வைத்திருக்கிறார். சுவரில் படம் போட்டுக் காட்டினாராம். கரையோரக் கடலில் வலை அடைத்துக் கடலட்டைக் குஞ்சுகளை விட்டால், வளர்ந்ததும் வெளிநாட்டுக்காரன் வந்து வாங்குவான், வீட்டில் இருந்தே உழைக்கலாம், அனுமதி கைக்கு வந்த மாதிரித்தான் என்றாராம். அவர்கள் வள்ளத்தையும் எஞ்சினையும் விற்று அடைப்புப் போட்டார்கள். சில மாதத்தில் அதிகாரிகள் வந்து, இந்த இடத்துக்கு அனுமதி முன்னமே மறுத்தாயிற்று என்று கம்பு முதற்கொண்டு பிடுங்கவைத்தார்கள். குஞ்சுகள் செத்துப்போயின.

அந்த ஆலோசகர் என்னிடம் படித்தவன். ஒவ்வொரு பகுதியும் தனக்கு விருப்பமான ஒரு மத்தியஸ்தரைக் கேட்கலாம், அவன் என்னைத்தான் கேட்டான். நான் விலகியிருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் யார்தான் என்னிடம் படிக்கவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுக்கைச் சட்டையோடு வந்தவன், நான் கதிரையில் அமரும்வரை தானும் அமராமல் நின்றான். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. அந்தப் பெண் சின்னப் பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கில், குடையை மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால் மேசையில் இடிக்க இருந்தாள்.

முதல் நாளே அவன் மறைக்காமல் சொன்னான்.

"ஓம் சேர். அனுமதி இல்லை எண்டு எனக்கு முதலே தெரியும். குஞ்சு வித்த ஆக்கள் எனக்குக் கொமிஷன் தந்தவை. பிழைதான். காசைக் கட்டங்கட்டமாத் திருப்பிக் குடுக்கிறன்."

எனக்கு அந்த நேரம் பெருமையாக இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், திருப்பித் தருகிறேன் என்கிறான், இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் அவள் சொன்னாள்:

"இப்ப சொன்னதை அந்தத் தாளிலை எழுதுங்கோ சேர்."

"எழுதினால் என்ரை தொழில் போயிடும் சேர்," என்றான் அவன்.

"என்ரை தொழில் போயிட்டுதுதானே. உந்தக் காசுக்கு இண்டைக்கு எஞ்சினும் வராது. நான் அதுக்கும் சண்டை பிடிக்கேல்லை. ஆனா அவருக்கும் கொஞ்சம் நோகவேணும். நோகாமல் விட்டால் என்ன சேர் நியாயம்?"

நான் சிரித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துச் சிரிப்பு. "அவனுக்கு நொந்தால் உமக்கு என்ன லாபம், பிள்ளை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கொண்டும் இல்லை," என்றாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் ஒப்பமிடவில்லை. "அந்தத் துண்டைத் தாங்கோ சேர், நான் கோட்டுக்குப் போறன்" என்று கேட்டாள். கேட்டவுடன் கொடுக்கவேண்டியது என் கடமை. "வாற சனி பாப்பம்" என்றேன். அவள் நண்டு உடைக்கிற இடத்தில் நாட்கூலிக்கு நின்றவள். ஒரு சனி என்னிடம் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் திரும்பத் திரும்பத் தவணை போட்டேன். வாய்விட்டுச் சொல்லுகிறேன், நான் அவளைக் களைக்கவைத்தேன். மற்ற இரண்டு மத்தியஸ்தர்களும் பொறுமை என்றால் நான்தான் என்று பாராட்டினார்கள்.

கடைசியில் ஒரு சனி ஒப்பமிட்டாள். பத்திரத்தில் காசு மட்டும் இருந்தது. அவன் பொய் சொன்னதும் இல்லை, கொமிஷனும் இல்லை. பூசி மெழுகுவதில் நான் சூரன். "சரி, இனி ரெண்டு பேரும் கைகுடுங்கோ" என்று நான் சொன்னபோது அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவன் நீட்டிய கையை நான் பிடித்துக் குலுக்கினேன். பிறகு குனிந்து, விட்டுவைத்த இடத்தில் வழக்கமான வரியை எழுதினேன்.

காசை அவன் ஒழுங்காகக் கட்டினான். அதைப் பலரிடம் சொல்லித் திரிந்தேன். என்னிடம் படித்தவனல்லவா!

ஒரு வருடம் போயிருக்கும். கொக்குவிலில் இருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து என் வீட்டுக் கேற்றில் நின்றார். கட்டாரில் பதினைந்து வருடம் வேலை செய்து வந்தவர். உழைத்ததையெல்லாம் பழச்சாறு போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் போட்டாராம். யோசனை சொன்னது அதே ஆலோசகர். மெசின் விற்ற இடத்தில் கொமிஷன் வாங்கியதும் அதே ஆலோசகர். வந்த மெசின் பழையது, ஒரு மாதம்கூட ஓடவில்லை.

"விசாரிக்காமல் ஏன் இறங்கினீர்?" என்று கேட்டேன். கேள்வி கேட்க எனக்கு எப்போதும் தெரியும்.

"விசாரிச்சனான் சேர். குருநகரிலை ஆரோ நட்டப்பட்டவை எண்டு கேள்விப்பட்டு அவரிட்டையே கேட்டனான். அவர் உங்கடை பத்திரத்தைத்தான் காட்டினவர். 'நட்டப்பட்ட ஆளுக்கே காசு திருப்பிக் குடுத்த ஆள் நான், மனத்தாங்கல் இல்லை எண்டு சேரே எழுதியிருக்கிறார், வாசிச்சுப் பாருங்கோ' எண்டவர். உங்கடை எழுத்து எனக்குத் தெரியும். என்ரை தம்பியின்ரை பள்ளிக்கூட ரிப்போட்டிலை பார்த்திருக்கிறன்."

அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேனா, இல்லையா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

அவருடைய நட்டம் பெரியது, எங்கள் சபைக்கு வரத் தேவையில்லாத அளவு. மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவருடைய சட்டத்தரணி இளம் பெண். இழந்த காசோடு சேர்த்து, தண்டனையாக மேலதிக நட்டஈடும் கேட்டிருப்பதாகச் சொன்னாள். எங்கள் நீதிமன்றங்கள் அதை இலேசில் கொடுக்காதாம். தெரிந்தே ஏமாற்றினான், முன்னமும் ஏமாற்றினான் என்று காட்டினால் ஒருவேளை கிடைக்கலாமாம்.

"வாங்கினதை மட்டும் திருப்பிக் குடுக்கவைச்சால் உவருக்கு என்ன நட்டம் சேர்? பிடிபடாட்டி லாபம், பிடிபட்டால் வட்டியில்லாக் கடன். அடுத்தவன் செய்யப் பயப்பிடுற மாதிரி ஒரு அடி விழவேணும். அதுக்குத்தான் இது."

"அவன் என் முன்னால் ஒப்புக்கொண்டவன்," என்றேன். "அனுமதி இல்லை என்று தெரியும், கொமிஷன் வாங்கினேன் என்று தன் வாயால் சொன்னான். நான் வந்து சாட்சி சொல்லுகிறேன்."

அவள் தலையாட்டினாள், இல்லை என்று. மத்தியஸ்த சபையில் சொன்ன எதையும் நீதிமன்றத்தில் சாட்சியமாகச் சொல்லக்கூடாது. மனம் திறந்து கதைக்கட்டும் என்பதற்காகச் சட்டம் அப்படி. எனக்கும் அது தெரியும், பயிற்சி வகுப்பில் படித்ததுதான். அந்த உண்மை ஒருமுறை வெளியே வந்தது, நான்தான் அதைப் பிடித்துப் பூட்டுப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இதையும் சொல்லவேண்டும்: அவள் தலையாட்டியபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. கூண்டில் ஏறத் தேவையில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

குருநகர்ப் பெண்ணைக் கேட்க நானும் கொக்குவில்காரரும் போனோம். தனக்கு அவன் சொன்ன பொய்யை அவள் வந்து சொல்லலாம், அதற்குத் தடையில்லை. வாசலில் நின்றே விசயத்தைச் சொன்னேன். அவள் கொக்குவில்காரரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுத்த ஆளோ, சேர்?" என்றாள்.

அவனுக்கு நொந்தால் உமக்கு என்ன லாபம் என்று கேட்டேனே, அதற்கான பதில் என் பக்கத்தில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

"எண்டைக்கு எண்டு சொல்லுங்கோ, வாறன்," என்றாள். இன்னொரு நாள் சம்பளம்.

வழக்கன்று நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். அவள் நன்றாகச் சொன்னாள்: கூட்டம், படம், அனுமதி, வள்ளம். பிறகு எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பினார். அவர் கையில் என் பத்திரம்.

"இது உங்கடை ஒப்பமா?"

"ஓம்."

அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இரு பகுதியாரும். மனத்தாங்கல் ஏதுமின்றி. சமாதானமாகப் பிரிந்தனர். அந்த அறையில் அது கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

"உங்களுக்கு இவரிலை மனத்தாங்கல் இல்லை எண்டு ஒப்பம் வைச்சிருக்கிறியள். இண்டைக்கு வந்து ஏமாத்தினவர் எண்டு சொல்லுறியள். எது பொய்?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "ஒப்பம் என்ரை," என்றாள். "இந்த வசனம் என்ரை இல்லை. நான் ஒப்பம் வைக்கேக்கை இது இதிலை இருக்கேல்லை."

"அப்ப ஆர் எழுதினது?"

நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும், உள்ளே வரும்போது எனக்குத் தலையசைத்தவள். அவள் திரும்பவில்லை. "எனக்குத் தெரியாது," என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் கோட்டில் அவளே பொய்க்காரி ஆனாள். சட்டத்தரணி சின்னதாகச் சிரித்துவிட்டு, வேறு கேள்வி இல்லை என்று சொல்லி அமர்ந்தார்.

சபையில் மற்றவர்கள் சொன்னதைச் சொல்லத்தான் எனக்குத் தடை. அந்த வரி யாரும் சொன்னதல்ல. "அது நான் எழுதியது, அவள் போன பிறகு எழுதியது" என்று சொல்ல எந்தச் சட்டம் என் வாயைக் கட்டியது? கொக்குவில்காரரின் சட்டத்தரணி என்னைத் தேடிக் கண்களால் வாங்குகளைத் துழாவினாள். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தபோது அவள் குடையை விரித்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்ப நான் வாறன் சேர், பஸ் போயிடும்," என்றாள்.

ஓம் என்று மட்டும் சொன்னேன். அடுத்த தவணை வருகிறது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடச் சொல்லி அந்தச் சட்டத்தரணிப் பிள்ளைக்கு நான் இன்னும் சொல்லவில்லை.