மிளாவுக்காக வைத்த தீ

காட்டைக் காக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே காட்டுக்குத் தீ வைக்கிற உத்தியோகம் என்னுடையது. என்ன வேலை பார்க்கிறோம் என்று சொந்த வீட்டிலேயே நம்பவைக்க முடியாதவர்களுக்கு என் பாடு புரியும்.

மடியில் இல்லாதது

மேற்கு மலைச் சரிவில் காய்ந்த புல் ஆள் உயரத்துக்கு மண்டி, மிளா மான்கள் மேய வருவதே நின்றுபோயிருந்தது. பனிக்காலத்தில் அளவாக எரித்துவிட்டால் மழைக்கு இளம்புல் வரும். வனவர் மூன்று நாள் அனுமதி கொடுத்தார். மிளா வராவிட்டால் அடுத்த வருஷம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னார்.

தாயில்பட்டியில் பட்டாசு ஆபீஸ், அதாவது பட்டாசுத் தொழிற்சாலை, மூடிக் கிடந்ததால் அங்கே வேலை பார்த்த மாரியம்மாளும் இன்னும் ஒன்பது பேரும் வேலைக்கு வந்தார்கள். சுற்றிலும் புல்லைச் செதுக்கித் தடம் போட்டு, ஈரச் சாக்கு, பச்சைக் கொப்பு எல்லாம் தயார். "பத்த வைங்க" என்றேன். பத்துப் பேரிடமும் தீப்பெட்டி இல்லை. எனக்குப் பீடிப் பழக்கம் கிடையாது. கீழே இறங்கி வாங்கி வருவதற்குள் காற்று எழும்பி, ஒரு நாள் போயிற்று. மாரியம்மாள் சொன்னார்: "ஆபீஸ் கேட்ல தடவிப் பாப்பாகல்ல சார், தீப்பெட்டிய மடியில வச்சா எங்களுக்கு வீட்டு வாசல் தாண்டக் காலு வராது."

ஓட்டம்

மறுநாள் மேட்டிலிருந்து பற்றவைத்தேன். புல் சடசடத்ததும் பத்துப் பேரும் கொப்பைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். நான் ஒற்றை ஆளாகச் சாக்கால் அடித்து அணைத்தேன். திரும்பி வந்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மாரியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது: "எங்க ஆபீஸ்ல தீயப் பாத்துட்டு நின்னவுக யாரும் இப்ப உசுரோட இல்ல சார். ஓடுறதுக்கு வழி எங்கனன்னு மொதல்ல காட்டுங்க, பெறகு நிக்கிறோம்."

புழுக்கை

காட்டினேன், நின்றார்கள். மூன்றாம் நாள் தீ சரிவில் மெல்ல இறங்கி, செதுக்கிய தடத்தில் தானாக அடங்கியது.

மழைக்குப் பிறகு வனவர் பார்க்க வந்தார். மாரியம்மாளும் கூட வந்தார். பச்சை இருந்தது, மிளாவைக் காணோம். மாரியம்மாள்தான் குனிந்து, நுனி கடிபட்ட புல்லையும் ஈரம் காயாத புழுக்கையையும் காட்டினார். வனவர் தலையாட்டியதும் மாரியம்மாள் கேட்டார்: "அப்ப அடுத்த வருஷமும் ஆர்டர் உண்டுல்ல சார்? தீக்குப் பக்கத்துல நின்னுட்டு முழுசா வீட்டுக்குப் போற வேலை எங்களுக்கு இங்கன மட்டுந்தான் இருக்கு."

அடுத்த வருஷத்துக்குத் தேவையான சாமான் பட்டியலில் முதல் வரியாகத் 'தீப்பெட்டி' என்று எழுதி அனுப்பினேன், 'வனத்துக்குள் எதற்கு?' என்று கேட்டு மேலிடத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது.